தரைக்கடியில் எனக்கொரு தூண்

புதுச்சேரியின் வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் மண்ணுக்கு மேலே பெயர் எடுத்தவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். மண்ணுக்குக் கீழே இருநூற்றுச் சொச்சம் பேருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவர் உலகத்திலேயே ஒருத்தர்தான். அவர் கண்ணாடி மேஸ்திரி. மூக்கில் மாட்டுகிற கண்ணாடி அவருக்குக் கிடையாது. சட்டைப்பையில் எந்நேரமும் இருந்த முகம் பார்க்கும் கண்ணாடியால் வந்த பெயர். நிஜப் பெயர் என்னவென்று எங்கள் சைட்டில் யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.

அவர் மேல் எனக்கு இருந்தது பொறாமை. அதை மரியாதை, வியப்பு என்றெல்லாம் ஜோடித்து எழுதி உங்களை ஏமாற்ற விரும்பவில்லை. நான் மண்ணைப் பற்றி மேல்படிப்பு படித்த இன்ஜினியர். அவர் எட்டாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்தவர். அப்படியும் பதினோரு மாதம் நான் அவரைப் பார்த்து வயிறெரிந்தேன். காலை எட்டு மணிக்கு சைட்டில் பற்றிக்கொண்டால், சாயங்காலம் பைக்கில் அரியாங்குப்பம் வீட்டுக்கு வந்து சேரும்வரை எரியும். மழை பெய்தாலும் அணையாது.

பாகூர் பக்கம் வயல்வெளி நடுவே ஒரு பெரிய நெல் கிடங்கு கட்டும் வேலை. நிலம் முழுக்கக் களிமண். காலை எடுத்து வைத்தால் கால் மட்டும் வரும், செருப்பு வராது. அதன் மேல் அப்படியே கட்டடத்தை எழுப்பி மூட்டையை அடுக்கினால், ஒரு பக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் நிலத்துக்குள் வரிசை வரிசையாக ஜல்லித் தூண்களை இறக்குவது என்று முடிவானது. தடிமனான இரும்புக் குழாயை ஆறு மீட்டர் ஆழத்துக்கு அடித்து இறக்க வேண்டும். உள்ளே இருக்கிற சேற்றை வாரி எடுக்க வேண்டும். ஜல்லியைக் கொட்டி இடித்துக்கொண்டே குழாயை உருவிவிட்டால் பூமிக்குள் தூண் நிற்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மேலே பாரம் ஏறும்போது வெறும் ஜல்லித் தூண் பக்கவாட்டில் பிதுங்கும். சுற்றியிருக்கிற களிமண்ணுக்கு அதை இழுத்துப் பிடிக்கும் தெம்பு இல்லை. ஆகவே ஜல்லியைக் கொட்டுவதற்கு முன் குழாய்க்குள் கெட்டித் துணியில் நீளமாகத் தைத்த உறை ஒன்றை இறக்க வேண்டும். ஜல்லி அந்த உறைக்குள் நின்றால் பிதுங்காது. வேலையாட்கள் அதை சாக்ஸ் என்று சொன்னார்கள். சாக்ஸ் போடும் யோசனை என்னுடையது. கம்பெனியோடு மூன்று மாதம் மல்லுக்கட்டி வாங்கினேன். இதை இங்கே எழுதிவைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

கிடங்கு கட்டச் சொன்னவர்கள் தரப்பிலிருந்து பெரிய அதிகாரிகள் ஒருநாள் பார்க்க வந்தார்கள். பந்தல் போட்டு, லேப்டாப் வைத்து, இருபத்திரண்டு ஸ்லைடு தயார் செய்திருந்தேன். ஐந்தாவது ஸ்லைடில் உறையின் இழுவிசையை விளக்கிக்கொண்டிருந்தபோது ஒரு அதிகாரி கொட்டாவி விட்டார். பக்கத்திலிருந்தவருக்கும் அது தொற்றிக்கொண்டது. பின்னால் நின்றிருந்த மேஸ்திரி கையைத் தூக்கினார்.

"சார், நான் ஒன்னு காட்டட்டா?"

யாரும் சரி என்று சொல்வதற்குள் சட்டையைத் தூக்கிவிட்டார். தொப்பையை அடக்க மருந்துக்கடையில் வாங்கிய அகலமான பெல்ட் ஒன்று அவர் வயிற்றைச் சுற்றி இருந்தது. அதை அவிழ்த்தார். வயிறு தன் பாட்டுக்கு முன்னால் வந்தது.

"இது வெறும் ஜல்லி சார். மேல பாரம் ஏறுச்சுன்னா இப்டித்தான் தள்ளும். கால்ல தள்ளாது, தொப்புள் கிட்டதான் தள்ளும். தூணுக்கும் அதே கததான், மேல்பக்கம்தான் உப்பும்." மூச்சை இழுத்துப் பிடித்து பெல்ட்டைத் திரும்ப மாட்டினார். "இப்ப இது சாக்ஸ் போட்ட ஜல்லி. டேய் ஏழுமலை, இங்க வா. என் தோள்ல ஏறு."

ஏழுமலை எங்கள் ஜேசிபி டிரைவர். எண்பது கிலோ இருப்பான். நிஜமாகவே ஏறிவிட்டான். மேஸ்திரி அவனைச் சுமந்துகொண்டு பந்தலை ஒரு சுற்று சுற்றி வந்தார். அதிகாரிகள் எழுந்து கைதட்டினார்கள், மூன்று பேர் செல்போனில் படம் எடுத்தார்கள். கார் ஏறும்போது பெரியவர் என் கையைப் பிடித்து, "நல்ல ஆளா வெச்சிருக்கீங்க, இவரை விட்டுடாதீங்க" என்றார். பதினேழு ஸ்லைடு இன்னும் என் லேப்டாப்பில் பார்ப்பாரின்றிக் கிடக்கிறது.

எரிச்சல் அங்கே ஆரம்பித்தது. அதைப் பெரிதாக்கியது பெயர் வைக்கும் விவகாரம்.

ஒவ்வொரு தூணுக்கும் ரிஜிஸ்டரில் ஒரு வரி உண்டு. தூணின் நம்பர், ஆழம், எத்தனை பெட்டி ஜல்லி போனது, எத்தனை இடி இடித்தார்கள், கடைசியில் குறிப்பு. அந்தக் குறிப்புக் கட்டத்தில் மேஸ்திரி பென்சிலால் ஆள் பெயர் எழுதுவார். முதலில் சோதனைக்காக சாக்ஸ் இல்லாமல் ஒரு தூண் போட்டு, பாரம் ஏற்றி, சுற்றிலும் தோண்டிப் பார்த்தோம். மேல்பகுதி கும்மென்று உப்பியிருந்தது. மேஸ்திரி குனிந்து அதைத் தட்டிக்கொடுத்து, "அப்படியே என் மச்சான்" என்றார். "குந்த வெச்ச எடத்துல தின்னுனே இருப்பான். பாரு, எப்டி தள்ளினு கீது." குறிப்பில் 'மச்சான்' என்று எழுதினார். அத்தோடு வழக்கமாகிவிட்டது.

இதென்ன கூத்து என்று கேட்டேன்.

"நம்பர் சொன்னா எனக்கு நெனப்புல நிக்காது சார். அறுபத்தி ரெண்டுல இன்னா ஆச்சுன்னு கேட்டா முழிப்பேன். அஞ்சலைல இன்னா ஆச்சுன்னு கேளுங்க."

"அஞ்சலைல என்ன ஆச்சு?"

"நாலு மீட்டர்ல ஒரு பழைய வேர் தட்டுச்சு. குழாய் லேசா வடக்க சாஞ்சுது. தூக்கிட்டு மறுபடி எறக்கனோம். நாப்பத்தி மூணு பொட்டி குடிச்சுது."

ரிஜிஸ்டரைப் பார்த்தேன். நாற்பத்து மூன்று. எனக்கு என் சொந்த செல்போன் நம்பரே ஒரு தரம் யோசித்தால்தான் வரும்.

அஞ்சலை என்பது சைட் வாசலில் டீக்கடை போட்டிருந்த அம்மா. தன் பெயரில் பூமிக்குள் தூண் இருக்கிறது என்று தெரிந்ததும், டீ கிளாஸ் கழுவுவதை விட்டுவிட்டு ஓடி வந்து பார்த்தார். பார்க்க என்ன இருக்கிறது, வட்டமாகக் கொஞ்சம் ஜல்லி தெரியும், அவ்வளவுதான். "இங்கியா நான் கீறேன்?" என்று அதைச் சுற்றி வந்தார். தலையிலிருந்து ஒரு கிள்ளு பூ எடுத்து வைத்தார். மறுநாளிலிருந்து மேஸ்திரிக்கு வரும் வடை எனக்கு வரும் வடையைப் போல ஒன்றரை மடங்கு இருந்தது. அளந்து பார்த்தேன். இன்ஜினியர் என்றால் எப்போதும் பையில் டேப் இருக்கும்.

பிறகு ஏழுமலைக்கு ஒரு தூண். வில்லியனூரில் சாக்ஸ் தைத்துக் கொடுத்த டெய்லர் பாய்க்கு ஒன்று. கரண்ட் கனெக்‌ஷன் கொடுத்த லைன்மேனுக்கு ஒன்று. இடிக்கிற சத்தத்தில் ஜெபம் பண்ண முடியவில்லை என்று குறை சொல்ல வந்த ஃபாதர், தன் பெயரில் தூண் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகத் திரும்பிப் போனார். அந்த வாரம் அவர் எங்கள் எல்லோருக்கும் கேக் அனுப்பினார். எங்கள் கம்பெனியின் வட்டார மேனேஜர் ஒருநாள் வந்து கார் கண்ணாடியை இறக்காமலே சைட்டைப் பார்த்துவிட்டுப் போனார். அவருக்கும் ஒன்று. சைட்டில் படுத்துக் கிடந்த மணி என்கிற நாய்க்கு ஒன்று. அந்த நாய் தன் தூணைக் கண்டுபிடித்து, தினமும் காலைக் கடனை அங்கேயே முடித்தது.

எனக்கு மட்டும் இல்லை.

முதல் நூறு தூண் வரைக்கும் எனக்கு அது தோன்றவே இல்லை. நாய்க்குப் பெயர் வைத்த அன்றைக்குத்தான் தோன்றியது. அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. யாருமே பார்க்கப் போகாத, மேலே தளம் போட்டு மூடிவிடப் போகிற ஒரு ஜல்லிக் குழி எனக்கு வேண்டும். வாய்விட்டுக் கேட்க மாட்டேன். படித்தவன், கேட்கலாமா? தினமும் சாயங்காலம் ரிஜிஸ்டரை எடுத்து அன்றைய வரிகளை ஒன்று விடாமல் படிப்பேன். ஆழம் சரி, பெட்டி சரி, இடி சரி. குறிப்பில் யாரோ ஒருத்தர் பெயர், என் பெயர் இல்லை. சந்தேகத்துக்கு அந்தத் தூண் வரை நடந்து போய் ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவேன்.

இதற்கிடையே மேஸ்திரியின் சேட்டைகள் வேறு. பாய் தைத்து அனுப்பும் ஒவ்வொரு சாக்ஸையும் அவர் முதலில் தானே போட்டுப் பார்ப்பார். உறைக்குள் இறங்கி, கழுத்துவரை இழுத்துக்கொண்டு, சாக்கு ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறவர் மாதிரி களத்தில் குதித்துக் குதித்து நடப்பார். தையல் எங்கேயாவது தெறிக்கிறதா என்று பார்க்கிறாராம். குழாய்க்குள் இறக்கும்போது உறையின் தையல் கிழக்கு பார்த்து இருக்க வேண்டும் என்று அடம் பிடிப்பார். கொஞ்சம் திரும்பினாலும் மேலே இழுத்து மறுபடி இறக்கச் சொல்வார். எல்லாம் முடிந்ததும் சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து, குழாய் ஓரமாகக் குனிந்து நின்று, அப்படி இப்படித் திருப்பிப் பார்த்துவிட்டு, மீசையை ஒரு தடவு தடவி, தலையை ஒரு வாரு வாரி, "கொட்டுங்கப்பா" என்பார்.

"தையலுக்கு என்ன மேஸ்திரி வாஸ்து?" என்று கிண்டல் செய்வேன்.

"இருக்கட்டும் சார், ஒரு மொறைக்கு" என்பார். சிரிப்பார். அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்காது.

அவருக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துவிடாதீர்கள். ஒல்லியானவர்களின் பெயரை வைத்தால் தூண் ஜல்லியைக் கம்மியாகக் குடிக்கும் என்று கடைசிவரை நம்பினார். லைன்மேன் குச்சி மாதிரி இருப்பார். அவர் தூண் நாற்பத்தைந்து பெட்டி குடித்தது. "ஆளு உள்ளுக்குள்ள சாப்புடறவன் சார்" என்று சமாளித்தார்.

ஒருநாள் நான் சாப்பாட்டு டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். என் மனைவி சுகந்தி ஸ்கூட்டரில் எடுத்துக்கொண்டு வந்தாள். சைட்டில் அவள் இருந்தது பத்து நிமிஷம். "சாருக்காக அவ்ளோ தூரம் வந்திருக்கே தங்கச்சி, வெயில்ல" என்று மேஸ்திரி அவளை நிழலில் உட்காரவைத்து, அஞ்சலையிடம் டீ சொல்லி, பென்சிலை எடுத்தார். அப்போதுதான் இடித்து முடித்த நூற்று முப்பத்தொன்று சுகந்தி ஆனது.

அன்று சாயங்காலம் நான் வீடு திரும்புவதற்குள் அவள் தன் அம்மா, அக்கா, பூரணாங்குப்பத்துச் சித்தி எல்லோருக்கும் போன் போட்டுச் சொல்லியிருந்தாள்.

"ஏங்க, எனக்கு நூத்தி முப்பத்தொன்னு. உங்களுக்கு எத்தனையாவது நம்பர்?"

"எனக்கெல்லாம் எதுக்கு. நான்தானே மொத்தத்துக்கும் டிசைன்."

"ஓ, இல்லையா?" என்றாள். அதில் இருந்த பரிதாபத்தை என்னால் இன்றைக்கும் மன்னிக்க முடியவில்லை. இரவு சாப்பாட்டில் அப்பளத்தைக் கூட நொறுக்க மனசில்லாமல் எழுந்தேன்.

இருநூற்றுப் பதின்மூன்று முடிந்த அன்று நாசூக்காகப் பேச்சைக் கொடுத்தேன்.

"இன்னும் பதினாறுதான் பாக்கி, இல்ல மேஸ்திரி?"

"ஆமா சார்."

"பேரெல்லாம் யோசிச்சு வெச்சிருக்கீங்களா?"

"பாதி ஆயிடுச்சு சார். ஒன்னு அந்த ஆட்டுக்கு எடுத்து வெச்சிருக்கேன்."

முந்தின வாரம் வாய் மூடாத குழிக்குள் ஓர் ஆடு விழுந்து, நாங்கள் கயிறு கட்டித் தூக்கினோம். அந்த ஆடு. நான் கும்பிடு போட்டுவிட்டு பைக்கை எடுத்தேன்.

மறுநாள் மேஸ்திரி இரண்டு நாள் லீவு சொன்னார். திருக்கனூரில் தங்கச்சி மகளுக்கு மஞ்சள் நீராட்டு. தாய்மாமன் இல்லாமல் நடக்காது. "சார், நான் வர்ற வரைக்கும் தூண் போட வேணாம். சாமான எண்ணெய் போட்டு வையுங்க, போதும்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

போட வேணாம் என்று எனக்குச் சொல்ல இவர் யார்? கண்ணாடியும் சீப்பும் இருந்தால் மேஸ்திரி, டிகிரி இருந்தால் வேடிக்கை பார்க்கிறவனா? ஆட்களைக் கூப்பிட்டேன். "இருநூத்தி பதினாலு போடறோம். நான் நின்னு போடறேன்" என்றேன். இருநூற்றுப் பதினாலு வடகிழக்கு மூலை. கிடங்குக்குள் லாரி திரும்புகிற இடம்.

"மேஸ்திரி வரட்டுமே சார்" என்றான் ஏழுமலை.

"நான் யாருப்பா?"

அவன் வண்டியை ஸ்டார்ட் செய்தான். குழாய் ஒழுங்காக இறங்கியது. சேறு வாரினோம். சாக்ஸை இறக்கினோம். ஒருத்தன், "சார், தையல் மேக்க பாக்குது" என்றான். எந்தப் பக்கம் பார்த்தால் என்ன, துணிக்குத் திசை தெரியுமா என்று கேட்டு, கொட்டச் சொன்னேன். மத்தியானத்துக்குள் வேலை முடிந்துவிட்டது. முப்பத்தொரு பெட்டிதான் போயிருந்தது. மற்றதெல்லாம் பெரும்பாலும் நாற்பத்திரண்டு, நாற்பத்து மூன்று. பார்த்தீர்களா, படித்தவன் போட்டால் ஜல்லி மிச்சம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். மேற்பார்வையில்லாமல் இருந்தால் மனிதன் எவ்வளவு சீக்கிரம் முட்டாளாகிறான் என்பதற்கு நானே சாட்சி.

ரிஜிஸ்டரில் ஆழம், பெட்டி, இடி எல்லாம் எழுதினேன். குறிப்புக் கட்டம் வந்தது. சுற்றும் முற்றும் பார்த்தேன். பேனாவை மூடிவிட்டு மேஸ்திரியின் பென்சிலை எடுத்து, அவர் எழுத்து மாதிரியே கொஞ்சம் சாய்த்து, 'சேகர்' என்று எழுதினேன்.

"எனக்கும் வந்துடுச்சு. இருநூத்தி பதினாலு" என்று வீட்டில் சொன்னேன்.

"அவரே வெச்சாரா?" என்றாள் சுகந்தி.

"பின்ன?" என்றேன்.

மூன்றாம் நாள் காலை மேஸ்திரி கையில் மஞ்சள் கறையோடும், எங்கள் எல்லோருக்கும் லட்டோடும் வந்து சேர்ந்தார். டீயைக் குடித்துக்கொண்டே ரிஜிஸ்டரைத் திறந்தார். அந்த வரியை வெகுநேரம் பார்த்தார்.

"பொட்டி முப்பத்தொன்னா சார்?"

"அந்த மூலைல மண்ணு கொஞ்சம் கெட்டி போல."

"தையல் எந்தப் பக்கம் பாத்துச்சு?"

"கவனிக்கல மேஸ்திரி."

"சரி சார்" என்றார். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. லட்டு எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

மிச்சமிருந்த பதினைந்தையும் முடித்த அன்று, ஆட்களைச் சாமானோடு அதே மூலைக்குக் கூப்பிட்டுக்கொண்டு போனார். இருநூற்றுப் பதினாலுக்கு ஒட்டினாற்போல இன்னொரு தூண் போடப் போவதாகச் சொன்னார். வரைபடத்தில் அங்கே தூணே கிடையாது. நான் ஓடினேன்.

"டிராயிங்ல இல்லாததை எப்படி மேஸ்திரி போடுவீங்க?"

"லாரி திரும்பற எடம் சார். ஒன்னு கூட இருந்துட்டு போவுது."

"அதெல்லாம் நான் கணக்கு போட்டாச்சு."

அவர் தலைத் துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். "இதுவரைக்கும் உங்கள நான் ஒன்னும் கேட்டதில்ல சார். இத்த ஒன்ன கேக்கறேன்."

எனக்கு ஒன்று மட்டும் புரிந்த மாதிரி இருந்தது. என் தூண் தனியாக நிற்பது இந்த மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. பக்கத்திலேயே போட்டிக்கு ஒன்று நட்டு, அதற்கு ஆட்டின் பெயரை வைக்கப் போகிறார். காலத்துக்கும் சேகரும் ஆடும் பக்கத்துப் பக்கத்தில். கோபத்தில் வரைபடத்தில் ஒரு வட்டம் போட்டு 230 என்று எழுதிக் கையெழுத்தைக் கிறுக்கிக் கொடுத்தேன். அன்றிலிருந்து ரிஜிஸ்டரைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஆட்டின் பெயரை என் கண்ணால் பார்க்க வேண்டாம்.

வேலை முடிந்து தூண்களின் பலத்தைச் சோதிக்க சென்னையிலிருந்து கன்சல்டன்ட் மேடம் ஒருவர் வந்தார். எந்தத் தூணைச் சோதிப்பது என்பது அவர் இஷ்டம். ரிஜிஸ்டரை வாங்கி விரலை வைத்து மேலிருந்து கீழே இறக்கிக்கொண்டே வந்தார். விரல் ஓரிடத்தில் நின்றது.

"இருநூத்தி பதினாலு. இதுல மட்டும் பதினோரு பெட்டி குறையுதே. இதையே டெஸ்ட் பண்ணிடுவோம்." பிறகு கண்ணைச் சுருக்கினார். "குறிப்புல சேகர்னு இருக்கு. என்ன அர்த்தம்?"

"சும்மா ஒரு அடையாளம் மேடம்" என்றேன்.

தூணின் தலையில் இரும்புத் தட்டு வைத்து, அதன் மேல் ஜாக்கி, அதற்கும் மேலே உத்தரம் போட்டு கான்கிரீட் கட்டைகளை அடுக்கினோம். தூண் எவ்வளவு இறங்குகிறது என்று காட்ட ஒரு சின்ன முள் கடிகாரம். கொஞ்சம் பாரம் ஏற்றினால் முள் சற்று நகர்ந்து நின்றுவிட வேண்டும். நின்ற பிறகு அடுத்த பாரம். முதல் பாரத்தில் முள் நகர்ந்தது, நின்றது. இரண்டாவதில் நகர்ந்தது. நிற்கவில்லை. நானும் ஏழுமலையும் அஞ்சலையும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, என் பெயர் மெதுவாகப் பூமிக்குள் போய்க்கொண்டிருந்தது.

"நிறுத்துங்க" என்றார் மேடம். "உள்ள உறை முறுக்கிக்கிட்டிருக்கு. முறுக்கு விழுந்த இடத்துக்குக் கீழ ஜல்லி சரியா இறங்கல. அதான் பெட்டி குறைஞ்சிருக்கு. இறக்கும்போது உறை நேரா இருக்கான்னு யாருமே பார்க்கலையா?"

அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. கிழக்கு பார்க்கிற தையல். காலை வெயிலைப் பிடித்துக் குழாய்க்குள் அடிக்கிற கண்ணாடி. தையல் மேலிருந்து கீழ்வரை ஒரே கோடாக ஓடினால் உறை முறுக்கவில்லை என்று அர்த்தம். பதினோரு மாதம் அந்த மனுஷன் தலை வாரிக்கொள்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் மீசையைத் தடவியது மட்டும்தான் அழகுக்கு.

மேஸ்திரி முன்னால் வந்தார். "என் தப்புதான் மேடம். பாக்காம உட்டுட்டேன்."

நீங்கள் நினைப்பீர்கள், அதைக் கேட்டு என் மனம் உருகியது என்று. இல்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கைதட்டல் அவருக்கு. பெரிய வடை அவருக்கு. என் பெண்டாட்டி அவருக்குத் தங்கச்சி. இத்தனை நாளில் இந்த சைட்டில் எனக்கென்று இருந்தது ஒரே ஒரு தூண். கோணலோ மாணலோ, அது என்னுடையது. அதையும் இவர் எடுத்துக்கொள்வதா?

"இல்ல மேடம்" என்றேன். குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. "அன்னிக்கு அவர் ஊர்லயே இல்ல. அது நான் போட்ட தூண். பேரும் நானே எழுதிக்கிட்டது."

அஞ்சலை வாயில் கை வைத்துக்கொண்டார். மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஒரு தப்புக்கு ரெண்டு பேர் போட்டி போடறதை இப்பத்தான் பார்க்கறேன்" என்றார். "சரி, பக்கத்துல இருக்கறது யாரோடது?"

"அது கூட வெச்சது மேடம்" என்றார் மேஸ்திரி. "மொத தூணு மேல சந்தேகம் இருந்துச்சு. சேர்த்துத் தாங்கட்டும்னு போட்டேன்."

மறுநாள் இருநூற்று முப்பதின் மேல் பாரம் ஏற்றினோம். முள் நகர்ந்தது, நின்றது. அடுத்த பாரம், நின்றது. கடைசிவரை நின்றது. இருநூற்றுப் பதினாலை நம்ப வேண்டாம், அந்த மூலைக்கு இருநூற்று முப்பது போதும் என்று மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். என்னிடம் தனியாக நாலு வார்த்தை சொன்னார். அதை இங்கே எழுதப் போவதில்லை.

அன்றைக்கு டீக்கடையில் நானும் மேஸ்திரியும் மட்டும் இருந்தோம். இனி இழக்க மானம் எதுவும் பாக்கியில்லை என்பதால் கேட்டேவிட்டேன்.

"நாய்க்கு வெச்சீங்க. ஆட்டுக்கு வெச்சீங்க. எனக்கு ஏன் மேஸ்திரி வைக்கல?"

அவர் டீயை ஆற்றினார். கண்ணாடியை எடுத்து மீசையைப் பார்த்தார். "வெச்சிருந்தா நீங்க வந்திருக்க மாட்டீங்க சார்."

"புரியல."

"பேர் வெச்சவங்கல்லாம் இன்னா பண்ணாங்க? ஒரு தபா வந்து பாத்தாங்க, போயிட்டாங்க. நீங்க ஒருத்தர்தான் தெனம் சாயங்காலம் ரிஜிஸ்டர வரி வரியா படிச்சீங்க. ஒவ்வொரு தூணா நடந்து போய்ப் பாத்தீங்க. இருவது வருசமா இந்த வேல பாக்கறேன். இந்த மாதிரி ஒரு இன்ஜினியர் எனக்குக் கெடச்சதே இல்ல. மொதல்லயே உங்க பேர எழுதியிருந்தா, ஆபீஸ் ரூம்ல ஃபேன் கீழ குந்தினு இருப்பீங்க."

"அப்ப கடைசி வரைக்கும் வெச்சிருக்கவே மாட்டீங்களா?"

"கடேசி தூண் உங்களுக்குத்தான்னு எடுத்து வெச்சிருந்தேன்" என்றார். "அதுக்குள்ள அவசரப்பட்டுட்டீங்களே சார்."

அஞ்சலை டீ கொண்டுவந்து வைத்தார். இரண்டு வடையும் ஒரே அளவு. டேப்பை எடுக்கவில்லை, பார்த்தாலே தெரிந்தது.

மேஸ்திரி வேறு சைட்டுக்குப் புறப்பட்டுப் போன பிறகு, கணக்கை முடித்து அனுப்புவதற்காக ரிஜிஸ்டரைத் திறந்தேன். ஆடு இருநூற்று இருபத்தொன்றில் இருந்தது. கடைசி வரி வரை வந்தேன். இருநூற்று முப்பதுக்கு நேராக, பென்சிலில், சாய்வான எழுத்தில் 'கலியபெருமாள்' என்று இருந்தது. அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியாது. ஏழுமலையைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"இன்னா சார், இத்தினி நாள் கூட இருந்தீங்க" என்றான். "மேஸ்திரி பேரு சார். ஆதார் கார்டுல பாத்திருக்கேன்."

அதற்கு முன் எந்த சைட்டிலும் அவர் தன் பெயரை எழுதினதில்லையாம். ஏழுமலைதான் சொன்னான்.

கிடங்கில் இப்போது நெல் மூட்டை நிற்கிறது. பாகூர் பக்கம் போனால் வண்டியை நிறுத்திப் பார்ப்பேன். நிறை பாரத்தோடு லாரிகள் வடகிழக்கு மூலையில் திரும்பும். தளத்தில் ஒரு கீறல் இல்லை. என் பாரத்தையும் சேர்த்து அவர்தான் சுமக்கிறார். அவர் இப்போது காரைக்கால் பக்கம் எங்கேயோ இருக்கிறாராம். அங்கே எந்த இன்ஜினியர் கொடுத்து வைத்தவனோ, அவனை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறெரிகிறது.

சுகந்தியிடம் நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டேன். நான் அந்தப் பக்கம் போய்விட்டு வந்தால் அவள் மறக்காமல் கேட்பாள், "உங்க தூணு எப்படி இருக்கு?"

"தனியா இல்ல" என்பேன்.